மனவுறுதி எங்கே குடியிருக்கிறது?

ஒரு மாணவியை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஊர் அன்னவாசல். பள்ளியில் படித்த காலத்தில் அவள் விடுப்பு எடுத்த நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிறகு புதுக்கோட்டையில் கல்லூரி. காலையில் ஓட்டமும் நடையுமாகப் பேருந்தைப் பிடித்து, நிற்க இடம் கிடைத்தால் போதும் என்று தொற்றிக்கொண்டு மூன்று வருடம் போய்வந்தாள். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் வேலை. வேலை பார்த்தபடியே ஆன்லைனில் மேற்படிப்பு. பேருந்து இல்லை, நெரிசல் இல்லை. இரவு எட்டரைக்குப் பாயில் உட்கார்ந்து போனைத் திறந்தால் கல்லூரி. ஆனால் ஐந்தாவது வாரத்துப் பாடங்கள் திறக்கப்படாமலே கிடக்கின்றன. அசைன்மென்ட்டுக்குக் கடைசித் தேதி நேற்றோடு முடிந்துவிட்டது. "படிப்பெல்லாம் எப்படிப் போகுது?" என்று அம்மா கேட்கிறார். "போகுதும்மா" என்கிறாள்.

பேருந்தில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்தவளுக்குக் கையிலேயே இருக்கும் பாடத்தைத் திறக்க முடியவில்லை. ஆள் அதே ஆள். புத்தி அதே புத்தி. ஆசைகூட முன்பைவிட இப்போது அதிகம், ஏனென்றால் இது அவள் தன் சம்பளத்தில் படிக்கும் படிப்பு. பின் எது காணாமல் போயிற்று?

"எனக்கு மன உறுதி போதாது" என்று அவள் தன்மேலேயே பழி போட்டுக்கொள்வாள். வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறானது என்பது என் கருத்து. ஏன் தவறு என்பதையும், அது தவறு என்று எப்படித் தெரியும் என்பதையும் பார்ப்போம்.

முதலில், அவள் தனியாள் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து 2012இல் எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வி மேடையைத் தொடங்கின. அந்த இரண்டு நிறுவனங்களும் அதில் நடத்திய பாடங்களின் பல ஆண்டுப் பதிவேட்டை ஜஸ்டின் ரைக்கும் ஹோசே ருயிபெரெஸ்-வலியன்டேயும் அலசி, 2019இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். 2017–18இல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 3.13 சதவீதம். பெயர் பதிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்துக்குள் ஒருமுறைகூட எட்டிப்பார்க்கவில்லை. இவர்களில் பலர் சும்மா பார்த்துவைப்போம் என்று பதிந்தவர்கள். அவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்வது நியாயமல்ல. ஆனால் சான்றிதழுக்குப் பணம் கட்டி, முடிக்கும் எண்ணத்தோடு வந்தவர்களிலும் அந்த ஆண்டு முடித்தவர்கள் 46 சதவீதம்தான். உலகம் முழுக்கப் பாதிப்பேருக்கு மேல் திடீரென்று மனவுறுதி இல்லாதவர்கள் ஆகிவிட்டார்கள் என்று நம்புவது கடினம்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு சபலம் வரும். பணம் கட்டியவர்களில் 46, எல்லாரையும் சேர்த்தால் 3. ஆக, பணத்தைக் கட்டிவிட்டால் படிப்பு முடிந்துவிடும் என்று சொல்லத் தோன்றும். அவசரப்படக் கூடாது. ஒரு புது உரத்தை ஊரில் நல்ல நிலம் வைத்திருப்பவர்கள் மட்டும் வாங்கிப் போட்டார்கள், கடலை நன்றாகக் காய்த்தது என்றால், அது உரத்தின் வேலையா மண்ணின் வேலையா? ஏற்கெனவே உறுதியாக இருப்பவர்தானே பணம் கட்டவும் துணிவார்? சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி உண்டு. ஒரே நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் இரு பக்கமும் கலந்துவிடும்; மிஞ்சும் வித்தியாசம் உரத்துடையது. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்விலும் இதையே செய்கிறார்கள். இதைக் குலுக்கல்முறைச் சோதனை என்று அழைப்போம். இனி வரும் முக்கியமான முடிவுகளில் பல இப்படிக் கிடைத்தவைதான்.

மனவுறுதியைப் பற்றி நம்மிடம் ஒரு பழைய சித்திரம் இருக்கிறது. அது கிணற்றுத் தண்ணீர் மாதிரி. இறைக்க இறைக்கக் குறையும். சிலருக்கு ஊற்று பெரிது, சிலருக்குச் சிறிது. 1998இல் ராய் பௌமைஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு ஒரு சோதனையும் காட்டினார். புதிதாகச் சுட்ட சாக்லேட் பிஸ்கட் மணக்கும் அறையில், பிஸ்கட்டைத் தொடாமல் முள்ளங்கியை மட்டும் தின்னச் சொன்னால், அதன் பிறகு கொடுக்கப்படும் தீராத புதிரை மனிதர்கள் சீக்கிரம் கைவிடுகிறார்கள். பிஸ்கட் தின்றவர்கள் இன்னும் வெகுநேரம் தாக்குப்பிடிக்கிறார்கள். அடக்கி அடக்கி மனவலு வற்றிவிட்டது என்று விளக்கம் சொன்னார்கள். நூற்றுக்கணக்கான ஆய்வுகள் இதைத் தொடர்ந்து வந்தன. பிறகு 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் ஒன்றுசேர்ந்து, முன்கூட்டியே எழுதிவைத்த ஒரே முறைப்படி, 2,000க்கும் மேற்பட்டவர்களிடம் இந்தக் கருத்தைச் சோதித்தன. விளைவு ஏறக்குறையப் பூச்சியம். 2021இல் வெளியான இன்னொரு பெரிய கூட்டு ஆய்விலும் மிகச் சிறிய விளைவே கிடைத்தது. முந்தைய முடிவை எடுத்து மறுபடி செய்துபார்க்கும் இந்த மறுசோதனைதான் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உளவியலில் நடந்த மிக நல்ல காரியம் என்பேன்.

இதனால் களைப்பு பொய் என்று ஆகிவிடாது. நாள் முழுக்கக் கடையில் நின்ற கால் வலி உண்மை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டத் திருத்தம் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தக் களைப்பு தூக்கத்தையும் கால்களையும் பற்றிய விஷயம். ஆனால் உள்ளே ஒரு கிணறு இருக்கிறது, எனக்கு அது ஆழமில்லை என்ற சித்திரத்துக்கு ஆதாரம் பலமாக இல்லை.

இன்னொரு புகழ்பெற்ற சோதனை, வால்டர் மிஷெல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் செய்தது. குழந்தையிடம் ஒரு தின்பண்டத்தைக் காட்டி, "நான் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இதைவிடப் பிடித்தது கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவது. இதை மேடைப் பேச்சாளர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்: காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் பெரிய ஆளானார்கள் என்று. அந்தப் பகுதி பின்னர் ஆட்டம் கண்டது. 2018இல் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களோடு டைலர் வாட்ஸும் மற்றவர்களும் சரிபார்த்தபோது, குடும்பச் சூழலையும் குழந்தையின் ஆரம்பத் திறன்களையும் கணக்கில் எடுத்தால் அந்தத் தொடர்பு பெரிதும் கரைந்துபோயிற்று.

மேடையில் யாரும் சொல்லாத பகுதிதான் எனக்குப் பொன். மிஷெலும் அவருடைய சகா எப்பெசனும் 1970இல் 32 குழந்தைகளிடம் செய்த ஆரம்பச் சோதனையில் கேட்ட கேள்வி "எந்தக் குழந்தை உறுதியானது?" என்பதல்ல, "எந்த ஏற்பாட்டில் குழந்தை அதிக நேரம் காத்திருக்கிறது?" என்பது. தின்பண்டங்கள் கண்ணெதிரே இருந்தபோது குழந்தைகள் சராசரியாகச் சுமார் ஒரு நிமிடம் காத்திருந்தார்கள். பண்டங்களைக் கண்ணில் படாமல் எடுத்துவிட்டபோது பதினொரு நிமிடத்துக்கு மேல். எந்தக் குழந்தைக்கு எந்த ஏற்பாடு என்பதில் ஆய்வாளர்கள் குழந்தையின் குணத்தைப் பார்க்கவில்லை. மாறியது மேசைமேல் என்ன இருந்தது என்பது மட்டும்.

2013இல் செலஸ்ட் கிட் இதில் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார். முதலில் ஒரு பெரியவர் குழந்தையிடம் "நல்ல கலர் பென்சில் கொண்டுவருகிறேன்" என்று வாக்குக் கொடுக்கிறார். சில குழந்தைகளிடம் வாக்கைக் காப்பாற்றுகிறார். சிலரிடம் வெறுங்கையோடு திரும்பி வருகிறார். அதற்குப் பிறகு அதே தின்பண்டச் சோதனை. வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். பங்கேற்ற குழந்தைகள் 28 பேர்தான், ஆகவே எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் யோசிக்க வைக்கிறது. பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் இருக்கும் அண்ணன்களையும் அக்காக்களையும் தெருவில் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு, "இப்போது கஷ்டப்படு, பிற்பாடு பலன் வரும்" என்ற வாக்கு எவ்வளவு கனமாக இருக்கும்? அவள் தயங்குவதைச் சோம்பல் என்று சொல்வதற்குமுன், அவளுக்கு யார் யார் என்னென்ன வாக்குத் தவறினார்கள் என்று கேட்க வேண்டும்.

சரி, இரவு எட்டரை மணிக்கு வருவோம். அந்த நொடியில் மனத்துக்குள் என்ன நடக்கிறது?

ஆடி மாதத் தள்ளுபடி நமக்குத் தெரியும். ஆயிரம் ரூபாய்ப் புடவை எழுநூறுக்கு. மனமும் ஒரு தள்ளுபடிக்கடை. வரப்போகும் நன்மை எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவு அதன் விலையைக் குறைத்துவிடும். இதைக் காலத்தள்ளுபடி என்று சொல்லலாம். இரண்டு வருடம் கழித்து வரும் பட்டம் இன்றிரவு மிக மலிவாகத் தெரிகிறது. விசித்திரம் என்னவென்றால், இந்தத் தள்ளுபடி ஒரே சீராக நடப்பதில்லை. சிறிய இன்பம் தூரத்தில் இருக்கும்வரை நம் கணக்கு சரியாக இருக்கிறது. அது நெருங்கிக் கைக்கெட்டும்போது கணக்கு சட்டென்று கவிழ்கிறது. அன்னவாசலுக்குப் பக்கத்திலுள்ள சித்தன்னவாசல் குன்றைத் தொலைவிலிருந்து பார்த்தால் நெடுநீளப் பாறையாகத் தெரியும். வழியில் நிற்கும் புளியமரம் அதன் காலடியில் ஒரு புதர். மரத்தடிக்கு வந்து நின்றால் மரம்தான் வானத்தை மறைக்கிறது, குன்றைக் காணோம். குன்று சிறுத்துவிடவில்லை. நாம் நிற்கும் இடம் மாறிவிட்டது. காலையில் கடைக்குப் போகும்போது "இன்றைக்கு ராத்திரி இரண்டு பாடம் முடிக்கணும்" என்று நினைப்பவளும், ராத்திரி ரீல்ஸைத் தள்ளிக்கொண்டிருப்பவளும் ஒரே ஆள். காலையில் சொன்னது பொய்யில்லை. அப்போது அவளுக்குக் குன்று தெரிந்தது.

இது மனிதர்களுக்கு மட்டுமான பலவீனம்கூட இல்லை. 1972இல் ஹவார்ட் ரேக்லினும் லியோனார்ட் கிரீனும் புறாக்களை வைத்துச் செய்த சோதனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உடனே இரண்டு விநாடி தானியம், அல்லது நான்கு விநாடி பொறுத்தால் நான்கு விநாடி தானியம். இரண்டு பொத்தானும் எதிரே இருந்தால் புறா உடனடித் தானியத்தைத்தான் கொத்துகிறது. ஆனால் இந்தத் தேர்வுக்குச் சில விநாடிகள் முன்பே இன்னொரு தேர்வு வைத்தார்கள்: ஒரு பொத்தானைக் கொத்தினால் பின்னால் மேலே சொன்ன இரண்டு வழியும் திறந்திருக்கும், மற்றொன்றைக் கொத்தினால் பெரிய, தாமதமான தானியம் மட்டுமே கிடைக்கும், சபலப்பட வழியே இராது. காத்திருக்கும் இடைவெளியை நீட்ட நீட்டப் புறாக்கள் இரண்டாவது பொத்தானை அதிகமாகக் கொத்தத் தொடங்கின. பின்னால் வரப்போகும் தன் சபலத்துக்குப் புறா முன்னாலேயே கதவைச் சாத்திவிடுகிறது. இதற்கு முன்கட்டு என்று பெயர் வைக்கலாம்: தெளிவாக இருக்கும் நேரத்தில், தெளிவில்லாத நேரத்துக்குப் போடும் கட்டு.

மாணவர்களிடம் இது பலிக்குமா? ரிச்சர்ட் பேட்டர்சன் என்ற பொருளியலாளர் ஸ்டான்ஃபோர்டின் இணையவழிப் புள்ளியியல் பாடம் ஒன்றில் படித்த 657 பேரைக் குலுக்கல்முறையில் பிரித்துச் சோதித்தார், 2018இல் வெளியிட்டார். ஒரு பிரிவினர், கவனத்தைச் சிதறடிக்கும் தளங்களில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கலாம் என்ற வரம்பைத் தாங்களே முன்கூட்டி வைத்துக்கொண்டார்கள். வரம்பைத் தாண்டினால் மென்பொருள் தடுக்கும். இன்னொரு பிரிவினருக்கு நினைவூட்டல் வந்துகொண்டே இருந்தது. மற்றொரு பிரிவினர் பாடத்தைத் திறக்கும் நேரத்தில் மட்டும் சிதறல்களை அடைத்துக்கொள்ளலாம். முன்வரம்பு வைத்தவர்கள் பாடத்தில் 24 சதவீதம் கூடுதல் நேரம் செலவிட்டார்கள். பாடத்தை முடிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு 40 சதவீதம் கூடியது. நூறுக்குப் பத்துப் பேர் முடிக்கும் இடத்தில் பதினான்கு பேர் என்பது போல. மற்ற இரண்டு வழிகளும் சொல்லிக்கொள்ளும்படி உதவவில்லை. "படி, படி" என்ற நினைவூட்டல் பயன்படாமல் போனதில் பெற்றோருக்கு ஒரு செய்தி இருக்கிறது.

நம் மாணவியின் சிக்கல் இன்னும் கொஞ்சம் இறுகலானது. அவளுக்கு வகுப்பறையும் திருவிழாக் கடைத்தெருவும் ஒரே போன். போனை அலமாரியில் வைத்துப் பூட்டு என்று சொல்வது சுலபம். பாடமே அதற்குள்தானே இருக்கிறது? ஆனால் வாரத்துப் பாடங்களை ஞாயிற்றுக்கிழமை பதிவிறக்கி வைத்துக்கொண்டு, எட்டரைக்கு நெட்டை அணைத்துவிட்டுப் பார்க்கலாம். என்.பி.டி.இ.எல். போன்ற இணையவழிக் கல்வி மேடைகளின் காணொளிகளைப் பதிவிறக்க வசதி உண்டு. ஞாயிறு மதியத்து அவள் திங்கள் இரவு அவளுக்காகக் கதவைச் சாத்துகிறாள். நோட்டும் பேனாவும் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

மன உறுதி மிக்கவர் என்று நாம் வியக்கும் மனிதர்கள் நாள் முழுக்கச் சபலத்தோடு மல்லுக்கட்டி ஜெயிப்பவர்கள் என்று எண்ணுகிறோம். வில்ஹெல்ம் ஹோஃப்மனும் சகாக்களும் ஜெர்மனியில் 205 பேரிடம் ஒரு வாரம் கருவி ஒன்றைக் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் "இப்போது ஏதாவது ஆசை எழுந்ததா? அடக்கினீர்களா?" என்று கேட்டுப் பதிந்தார்கள், 2012இல் வெளியிட்டார்கள். தற்கட்டுப்பாடு அதிகம் உள்ளவர்கள் அதிகமாகப் போராடவில்லை. அவர்களுக்குப் போராட்டமே குறைவாக வந்தது. சபலம் வரும் வழியிலேயே அவர்கள் போய் நிற்பதில்லை. ஏஞ்சலா டக்வொர்த் 2007இல் பிரபலமாக்கிய நெடுநாள் உறுதி என்ற கருத்தைப் பற்றியும் இங்கே ஒரு வரி சொல்லிவிடுகிறேன்: பத்தாண்டு கழித்து 66,000க்கும் மேற்பட்டவர்களின் தரவைத் தொகுத்துப் பார்த்தபோது, உளவியலில் ஏற்கெனவே பொறுப்புணர்வு என்று அழைக்கப்பட்ட பண்போடு அது பெரும்பாலும் ஒன்றிவிட்டது. புதிய மந்திரம் எதுவும் அதில் இல்லை.

சபலம் வரும் வழியில் நிற்காமல் இருப்பது என்றதும், அன்னவாசல் பக்கத்து ஆட்களுக்கு ஏழடிப்பட்டம் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. சித்தன்னவாசல் குன்றின் உச்சிக்கருகே, பாறையில் வெட்டிய ஏழு படிகளைக் கடந்து போனால் இயற்கைக் குகை ஒன்று. உள்ளே வழவழப்பாகத் தேய்த்த பதினேழு கல் படுக்கைகள். சமணத் துறவிகள் தங்கிய இடம். குகையின் தாழ்ந்த கூரையும் கீழே விரியும் வெளியும்தான் துணை. அவர்கள் அங்கே வந்ததன் காரணம் சமயம். அதை நான் உளவியலாகச் சுருக்க மாட்டேன். ஆனால் புலனடக்கத்தையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள், மனவலுவை மட்டும் நம்பிக் கடைவீதியில் உட்காரவில்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. முதலில் இடத்தைத் தேர்ந்தார்கள்.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால் நம் புதிரின் பாதி அவிழ்ந்துவிடும். கல்லூரி என்பது பாடம் மட்டும் இல்லை. பேருந்து நேரம், மணி, பெயர் கூப்பிடும் வருகைப் பதிவேடு, பக்கத்துப் பெஞ்சுத் தோழி, "நேத்து ஏன் வரலை?" என்ற கேள்வி, வேறு எதையும் செய்ய வழியில்லாத நாற்பத்தைந்து நிமிடம், எல்லாம் சேர்ந்தது. அந்தக் கட்டடம் அவளுடைய உறுதியில் பெரும்பங்கை அவளுக்காகச் சுமந்துகொண்டிருந்தது. பாடம் போனுக்குள் வந்தபோது இவற்றில் ஒன்றும் கூட வரவில்லை. காணாமல் போனது அவளுடைய குணம் இல்லை, சுமைதாங்கி.

சுமைதாங்கியை வீட்டில் கட்டிக்கொள்ள முடியுமா? ஓரளவு முடியும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்த எளிய உத்தி ஒன்று உண்டு. "இந்த வாரம் படிப்பேன்" என்பது எண்ணம். "ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும், திண்ணையில் உட்கார்ந்து மூன்றாம் பாடத்தைத் திறப்பேன்" என்பது எப்போது-அப்போது திட்டம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டிய ஜெர்மன் மாணவர்களில், எங்கே எப்போது எழுதுவேன் என்று முன்பே குறித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் எழுதினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கு. தட்டு கழுவுவது ஒரு மணி அடிப்பது போல ஆகிவிடுகிறது; முடிவெடுக்கும் வேலை மிச்சம்.

ஆனால் இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ரெனே கிசில்செக்கும் சகாக்களும் இந்த மாதிரி உத்திகளை 250 இணையவழிப் பாடங்களில், ஏறக்குறைய இரண்டரை லட்சம் மாணவர்களிடம், இரண்டரை ஆண்டு சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். திட்டம் எழுதவைத்தது முதல் சில வாரங்களுக்கு உதவியது. அதற்குப் பிறகு விளைவு தேய்ந்துபோயிற்று. பாடத்தை முடித்தவர்களின் விகிதம் உயரவில்லை. சின்னச் சோதனைகளில் பெரிதாகத் தெரிந்தது பெரிய சோதனையில் சிறுத்துவிட்டது. ஒரு முறை எழுதிய திட்டம் முதல் மழைக்குத் தாங்கும்; ஐப்பசி முழுக்கத் தாங்காது.

முழு மழைக்கும் தாங்குவது வழக்கம். வாசலில் கோலம் போடும் பெண்ணைக் கேளுங்கள், "தினமும் எப்படி இவ்வளவு மன உறுதியோடு போடுகிறீர்கள்?" என்று. கேள்வியே அவருக்குப் புரியாது. விடிந்தால் கதவு திறக்கும், வாசல் தெளித்த ஈரம் காயும் முன் கை மாவெடுக்கும். முடிவு என்று ஒன்று அங்கே இல்லை. லண்டனில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை ஒரு புதுப் பழக்கத்தைத் தினமும் ஒரே குறிப்பை ஒட்டிச் செய்யவைத்து, அது எப்போது தானாக நடக்கத் தொடங்குகிறது என்று அளந்தார்கள். 2010இல் முடிவு வந்தது. நடுத்தர அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகப் பெரிது: கணக்கின்படி 18 நாளிலிருந்து 254 நாள் வரை. ஆகவே "இருபத்தொரு நாளில் பழக்கம்" என்று சொல்பவர்களை நம்பி, இருபத்திரண்டாம் நாள் மனமுடைய வேண்டாம்.

அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் வழக்கம் உருவாவது குலைந்துவிடவில்லை. ஐந்தாவது வாரத்தைத் தவறவிட்ட நம் மாணவிக்கு இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். தவறுவதற்கு இடம் விட்டே அமைத்த பாடங்களும் உண்டு. 2003இல் ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல்., இன்று ஸ்வயம் மேடையில் சான்றிதழ்ப் பாடங்கள் நடத்துகிறது. வாரம் தவறாமல் ஒரு அசைன்மென்ட், அதற்குக் கடைசித் தேதி; இறுதித் தேர்வை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்களின் மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்கிறார்கள். வாரக் கெடு பழைய மணியின் வேலையைச் செய்கிறது. நான்கு வாரம் காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் போகட்டும் என்று விட்டுவைத்திருப்பது, மனிதர்களைத் தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு. ஒரு வாரம் தவறியதும் "எல்லாம் போச்சு" என்று மூடிவைப்பதுதான் உண்மையில் படிப்பை முடிக்கிறது. தவறிய வாரம் இல்லை.

ஸ்வயம் என்றால் தானே, சுயமாக என்று பொருள். அழகான பெயர். ஆனால் புதுக்கோட்டை மாவட்டம் ஒருமுறை வேறுவிதமாகப் படித்துக் காட்டியிருக்கிறது. 1991–92இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் இங்கே நடந்தது. வயலிலும் கல் குவாரியிலும் பகலெல்லாம் உழைத்த பெண்கள் மாலையில் எழுத்துப் படிக்க உட்கார்ந்தார்கள். சிலேட்டைத் தொட்டே பழகாத கைகள் அவை. வேலை நம் மாணவியின் வேலையைவிடக் கடினம். அவர்களுக்கு யாரும் மனவுறுதி வகுப்பு எடுக்கவில்லை. வகுப்பு அவர்கள் தெருவுக்கே வந்தது. சொல்லிக்கொடுத்தவர்கள் தொண்டர்கள், தெரிந்த முகங்கள். கூட உட்கார்ந்தவர்கள் பக்கத்து வீட்டார். பெண்கள் வெளியே போய்வர ஆணின் துணையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது என்று கண்டதும், சைக்கிள் ஓட்டுவதையும் இயக்கத்தின் பாடமாக்கினார்கள். பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் பழகினார்கள், பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை நேரில் பார்த்து எழுதினார். தடை எது என்று பார்த்து அதை நீக்கினார்கள். "நீ இன்னும் உறுதியாக இரு" என்று சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

அதே அன்னவாசலில் அதே இரவில், தனித்தனிப் பாய்களில் உட்கார்ந்து, தனித்தனியாகத் தம்மை நொந்துகொண்டு, ஆன்லைனில் படிக்கும் நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்கள் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். வாரத்தில் இரண்டு மாலை, ஊர் நூலகத்தின் ஒரு மேசையிலோ பள்ளிக்கூட வராந்தாவிலோ அவர்களைச் சேர்த்து உட்காரவைக்கப் பெரிய செலவு ஆகாது. பாடம் வேறு வேறாக இருந்தாலும் பரவாயில்லை. "நேத்து ஏன் வரலை?" என்று கேட்க ஓர் ஆள் கிடைத்துவிடுவார்.

ஏழடிப்பட்டத்தில் ஒரு படுக்கையின்மேல், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சுமார் 2,000 ஆண்டுப் பழையது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்கு இளயர் என்பவர் இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார் என்பது அதன் சாரம். எருமிநாடு இன்றைய மைசூர்ப் பக்கம் என்பது பல அறிஞர்களின் கருத்து. எல்லாவற்றையும் துறந்து அவ்வளவு தொலைவிலிருந்து வந்தவருக்கும், உட்காரவும் படுக்கவும் ஓர் இடத்தை உள்ளூரில் இன்னொருவர் உளிபிடித்துச் செதுக்கித் தரவேண்டியிருந்தது. அந்தப் படுக்கைகளை உற்றுப் பாருங்கள். தலை வைக்கும் பக்கத்தில், தலையணை போல, கல்லைக் கொஞ்சம் உயரமாகவே விட்டுச் செதுக்கியிருக்கிறார்கள்.